அத்தியாயம் 4: கட்டுத்தறியைப் பார்த்து ஒரு வீடு

தோட்டத்தில் வீடு கட்டுவது என்று முடிவானதும் எல்லோரும் வரைபடத்துக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, அக்கம்பக்கத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய கட்டுத்தறி ஒன்றைத் தேடிப்போய் அதற்குள் அரை மணி நேரம் நில்லுங்கள். பிறகு அதே தோட்டத்தில் அண்மையில் எழுப்பிய கான்கிரீட் வீட்டுக்குள் போய், மின்விசிறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். மாடு நிற்கும் இடம் மனிதர் இருக்கும் இடத்தைவிடக் குளிர்ச்சியாக இருப்பது ஏன் என்ற கேள்வி உங்களுக்குள் எழும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்.

இங்கே சொல்வதெல்லாம் கொங்கு நாட்டை, அதிலும் பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை வட்டாரத்தை மனத்தில் வைத்துச் சொல்வது. மழை குறைவு, பெய்யும் மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். பங்குனியிலிருந்து வைகாசி முதல் பாதிவரை கொளுத்தும் வெயில். அதன்பின் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் ஆவணி கடைசிவரை ஓயாத காற்று. இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கும் அந்தக் கணவாய்தான் காரணம். டெல்டாவிலோ தென்பாண்டிச் சீமையிலோ கட்டுகிறவர்கள் காற்றின் திசையையும் மழையின் அளவையும் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். யோசிக்கும் முறை மாறாது.

பழைய கட்டுத்தறியில் எதைப் பார்ப்பது

முதலில் கால்களைப் பாருங்கள். பெரும்பாலும் கருங்கல் பிளந்து நட்ட கல்லுக்கால்கள். மாட்டின் கழுத்து உயரத்தில் கல் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்றிருக்கும். தலைமுறை தலைமுறையாக மாடுகள் உரசி உரசி மெருகேறியது. அதற்குச் சற்றுக் கீழே கயிறு அறுத்த வடு. கல்லின் அடிப்பகுதியில் கரையான் புற்று ஏறியிருந்தால் பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும், ஒரு விளக்குமாற்றால் தட்டிவிடலாம். மரக்காலாக இருந்திருந்தால் கரையான் உள்ளுக்குள்ளேயே ஏறி உத்திரம் வரைக்கும் போயிருக்கும். அதனால்தான் தரையைத் தொடுவது கல், கூரையைத் தாங்குவது மரம் என்று பிரித்தார்கள்.

அடுத்து கூரையைப் பாருங்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் முகடு, இறவாரத்தில் குனிந்து நுழையும்படி இறங்கிவிடும். சுவர் இருக்கும் பக்கத்திலும் அது தாழ்வாகத்தான் இருக்கும், கூரையைத் தொடாது. சூடான காற்று மேலே ஏறி முகட்டு இடுக்கு வழியாகவும் சுவர்த்தலை வழியாகவும் வெளியே போய்விடும். மேற்குப் பக்கத்தில் மட்டும் கீற்றுத் தட்டியோ சோளத்தட்டோ வைத்து அடைத்திருப்பார்கள். காற்றுக்காலம் முடிந்ததும் தட்டியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிடுவார்கள். கடைசியாகத் தரை. மூத்திரமும் கழுவும் தண்ணீரும் ஓர் ஓரத்துக் காவாயை நோக்கி ஓடும்படி, கண்ணுக்குத் தெரியாத வாட்டம் கொடுத்திருப்பார்கள். எங்கும் தண்ணீர் தேங்காது.

இதே அறிவு இன்றைக்கும் செத்துப்போய்விடவில்லை. பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பாருங்கள். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும். அகலம் 25 அடியை ஒட்டித்தான். அதற்கு மேல் போனால் நடுவில் காற்று செத்துவிடும் என்பது கோழி வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். பக்கச்சுவர் முழங்கால் உயரம், அதற்கு மேல் கம்பிவலை. இறவாரம் மூன்று அடிக்குக் குறையாமல் வெளியே நீண்டிருக்கும். முகட்டில் திறப்பு. கோடை வந்தால் கூரைமேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெக்கையில் கோழி இரை எடுக்காமல் போனால் எடை குறையும், எடை குறைந்தால் பணம் குறையும். ஆகவே கோழிக்கு எது நல்லது என்பதில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. அந்தப் பண்ணைக்காரரே பக்கத்தில் தனக்கென்று வீடு கட்டும்போது 40 அடிக்கு 40 அடி சதுரமாக, நடுக்கூடத்துக்கு ஒரு ஜன்னல்கூட இல்லாமல், மேலே தட்டையான கான்கிரீட் தளம் போட்டுக் கட்டுகிறார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். கோழிக்குக் கொடுத்த கவனத்தை அவர் தன் குழந்தைகளுக்கும் கொடுக்கலாமே.

ஆக, பழைய தோட்டத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவற்றின் ஒழுங்கை: ஓர் அறை அகலம், நீண்ட உடம்பு, சுவரைவிடப் பெரிய கூரை, காற்று பார்த்து வைத்த திறப்பு, வேலை பார்த்து அமைத்த தரை. வண்டிச்சக்கரத்தைச் சுவரில் மாட்டுவதும், கான்கிரீட் தூணுக்கு மரச்சாயம் பூசுவதும், தட்டைத் தளத்தின் முன்விளிம்பில் மட்டும் நாலு வரிசை ஓடு ஒட்டுவதும் செலவுதான். அவற்றால் வீட்டுக்குள் ஒரு டிகிரிகூடக் குறையாது.

திசை: வெயிலும் காற்றும் முட்டிக்கொள்ளும் இடம்

இந்த வட்டாரம் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழி மத்தியானத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆனி மாதத்தில் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். தெற்கு வடக்குச் சுவர்களில் விழும் வெயிலை இறவாரத்தை நீட்டியே தடுத்துவிடலாம். கிழக்கிலும் மேற்கிலும் அது நடக்காது. பங்குனியில் சாயந்திரம் நாலரை மணிக்குச் சூரியன் 30 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும். மூன்றடி இறவாரம் மேற்குச் சுவரில் மேலிருந்து இரண்டடிகூட நிழல் தராது. மீதிச் சுவர் முழுவதும் காய்ந்து, அந்தச் சூட்டை ராத்திரி உள்ளே இறக்கும். ஆகவே நீளச்சுவர்கள் தெற்கும் வடக்கும் பார்க்க, குட்டைச் சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்க வேண்டும். கோழிக்கொட்டகையின் கணக்கும் இதுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வரைபடம் போடுகிற பலர் இதைக் கவனிப்பதில்லை. நம் காற்று மேற்கிலிருந்து வருகிறது. வீடு சரியாகக் கிழக்கு மேற்காகக் கிடந்தால் காற்று குட்டைச் சுவரில் மோதி, நீளச்சுவர்களை உரசிக்கொண்டு போய்விடும். ஜன்னல்களுக்குள் நுழையாது. இதற்கு நான் சொல்லும் தீர்வு, வீட்டை 15 முதல் 20 டிகிரி வரை திருப்பி வைப்பது. தெற்குச் சுவர் சற்றே தென்மேற்கைப் பார்க்கும்படி திருப்பினால் காற்று அதன்மேல் சாய்வாக விழும், ஜன்னல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக விழும் பிற்பகல் வெயிலைத் தாழ்வாரம் பார்த்துக்கொள்ளும். இப்படித் திருப்பும்போது மேற்கிலிருக்கும் குட்டைச் சுவர், கோடையில் சூரியன் மறையும் திசைக்கு நேராக வந்துவிடும். அதனால் அந்தச் சுவரில் ஜன்னலே வேண்டாம். அதை ஒட்டிப் படுக்கையறையும் வேண்டாம். தானிய அறை, குளியலறை, கழிப்பறை இவற்றை அங்கே தள்ளுங்கள். மேற்கு வெயிலின் சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். யாரும் அங்கே படுத்துத் தூங்கப்போவதில்லை.

வாஸ்து பார்ப்பவர்கள் திருப்புவதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று சிலர் தயங்குவார்கள். ஆனால் அவர்கள் சொல்கிறபடி சமையலறையை அக்னி மூலையான தென்கிழக்கில் வைப்பது இந்த வட்டாரக் காற்றுக்கும் பொருந்தித்தான் வருகிறது. தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் காற்று அடுப்புப் புகையையும் தாளிப்பு நெடியையும் வீட்டுக்குள் திருப்பாமல் கிழக்கே கொண்டுபோய்விடும். பெரியவர்களிடம் பேசும்போது இதிலிருந்து தொடங்குங்கள்.

அங்கணம் அங்கணமாக

பழைய கட்டடங்களின் அளவுகோல் தூணுக்குத் தூண் உள்ள இடைவெளி, அதாவது அங்கணம். கையில் கிடைக்கும் மரத்தின் நீளம் அதை முடிவு செய்தது. நீங்கள் 10 அடியை ஓர் அங்கணமாக வைத்துக்கொள்ளுங்கள். அறையின் அகலம் 16 அடி, தெற்கே 8 அடித் தாழ்வாரம். மேற்கிலிருந்து கிழக்காக முதல் அங்கணம் தானிய அறையும் குளியலறையும், இரண்டாவது படுக்கையறை, மூன்றும் நான்கும் சேர்ந்து ஆசாரம் என்கிற கூடம், ஐந்தாவது சமையலறை. 50 அடி நீளத்தில் 800 சதுர அடி உள்ளறை, 400 சதுர அடி தாழ்வாரம். நாலு பேர் இருக்கும் குடும்பத்துக்குத் தாராளம், ஏனென்றால் தோட்டத்தில் பாதி வாழ்க்கை தாழ்வாரத்திலும் களத்திலும்தான் நடக்கிறது.

படுக்கையறை இன்னொன்று வேண்டுமே என்பார்கள். வேண்டும்போது கட்டுங்கள், தனிக் கட்டடமாக. விவசாயியின் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. மஞ்சள் விற்றால் வரும், தேங்காய் விலை ஏறினால் வரும். அந்தக் காலத்துக் குடும்பங்கள் முதலில் ஒரு சாளை வீடு, பிறகு ஒரு கட்டுத்தறி, பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் எதிரே ஒரு வரிசை என்று வளர்த்துக்கொண்டே போனார்கள். இன்று கடன் வாங்கி ஒரே மூச்சில் 2,500 சதுர அடி கட்டி, மாடியைப் பூட்டிவைத்திருக்கும் வீடுகள் எத்தனை! முதல் கட்டடத்தைக் கட்டும்போதே இரண்டாவதன் இடத்தைக் குறித்து, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பி போகும் குழாயையும் அதுவரை மண்ணுக்குள் இழுத்து மூடிவையுங்கள். அது போதும்.

தொட்டிக்கட்டு பற்றி ஒரு வார்த்தை. நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்த வீட்டின் மேல் பலருக்கும் ஆசை. ஊருக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய மனையில் காற்றும் வெளிச்சமும் வர அதைவிட நல்ல வழி இல்லை. தோட்டத்தில் நாலு பக்கமும் வெட்டவெளி இருக்கும்போது அதற்குத் தேவை குறைவு. அதையும் மீறிக் கட்டினால் தயவுசெய்து மேலே பிளாஸ்டிக் கண்ணாடித் தகடு போட்டு மூடாதீர்கள். மூடிய முற்றம் அடுப்பாகிவிடும். இரும்புக் கம்பி வலை மட்டும் போட்டு, மழைத்தண்ணீர் போக நாலு அங்குலக் குழாய் இரண்டு வையுங்கள்.

கூரை

தமிழ்நாட்டில் சீமை ஓடு என்றே பெயர்பெற்ற மங்களூர் ஓடு, 1860-களில் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. அதற்கு முன் நாட்டு ஓடு. நாட்டு ஓட்டை மாற்றிக் கட்ட ஆள் கிடைப்பது இன்று கடினம், குரங்கும் மயிலும் ஏறினால் கலைந்துவிடும். ஆகவே சீமை ஓடே போதும். புது ஓடுதான் வேண்டும் என்பதில்லை. பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல ஓடு கிடைக்கும்; விரலால் சுண்டினால் கணீரென்ற சத்தம் வர வேண்டும், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். ஒரே ஆலையின் ஓடாக வாங்குங்கள். ஓட்டைக் கையில் வாங்கிய பிறகே ரீப்பர் அடிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஆலைக்கு ஆலை நீளம் சற்று மாறும். ரீப்பர் இடைவெளி அரை அங்குலம் தவறினாலும் ஓடு ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது.

சாய்வு இரண்டடிக்கு ஓரடி. இதற்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டின் அடியில் ஏறும். இந்தச் சாய்வை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப்பாருங்கள். அறை 16 அடி என்றால் சுவர்த்தலையிலிருந்து முகடு 4 அடி உயரும். சுவர் வழக்கம்போல் 10 அடி என்று வைத்தால், 8 அடித் தாழ்வாரத்தில் கூரை இன்னும் 4 அடி இறங்கி 6 அடிக்கு வந்துவிடும். அதற்கு வெளியே ஒன்றரை அடி இறவாரம் நீட்டினால் விளிம்பு 5 அடி சொச்சம். வருகிறவர்கள் எல்லாம் தலையில் இடித்துக்கொள்வார்கள். அதனால்தான் பலர் தாழ்வாரத்துக்குச் சாய்வைக் குறைத்துவிட்டு, முதல் மழையிலேயே ஒழுகுகிறது என்று மேஸ்திரியைத் திட்டுகிறார்கள். சாய்வைத் தொடாதீர்கள், சுவரை 12 அடியாக உயர்த்துங்கள். அப்போது தாழ்வாரத்துத் தூண் தலை 8 அடி, இறவார விளிம்பு ஏழேகால் அடி. மார்கழி மத்தியான வெயில் தாழ்வாரத் தரையில் மூன்றரை அடி உள்ளே வந்து நிற்கும், சுவரைத் தொடாது. அந்த மூன்றரை அடியில் வயதானவர்கள் குளிர் காயலாம், வடகம் காயப்போடலாம். கூடுதல் இரண்டடிச் சுவருக்கான செலவு, அதன் மேல்பகுதியில் அட்டாலி போட்டால் திரும்பிவிடும். விதை, பழைய பாத்திரம், விசேஷத்துக்கு எடுக்கும் அண்டாக்கள் எல்லாம் அங்கே ஏறிவிடும்.

கைமரத்துக்குப் பனையே இந்த மண்ணின் மரம். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனங்கை இரண்டு மூன்று தலைமுறை நிற்கும். ஆனால் பனை தமிழ்நாட்டின் மாநில மரம், இன்று அதை வெட்ட அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. இருக்கும் பனைகளே குறைவு. இடித்த வீட்டுப் பனங்கை கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் இரும்புக் குழாய்ச் சட்டம் போட்டு, துரு தடுக்கும் பூச்சு இரண்டு முறை அடித்து, அதன்மேல் ஓடு வேயுங்கள். ஓட்டுக்கு அடியில் தட்டையான சீலிங் ஓடு ஒரு வரிசை பரப்பினால் இரண்டு ஓட்டுக்கும் நடுவில் காற்று நின்று வெக்கையைத் தடுக்கும். பூனை நடந்து ஓடு விலகினாலும் தூசி உள்ளே கொட்டாது.

ஆடிக்காற்று அம்மியை நகர்த்துகிறதோ இல்லையோ, கட்டாத ஓட்டை நிச்சயம் நகர்த்தும். காற்று இறவாரத்துக்கு அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கப் பார்க்கும். சுவர்த்தலையில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டு, அதிலிருந்து கம்பி விட்டு, சுவர்ச்சட்டத்தை அதோடு முடுக்குங்கள். கைமரத்தைச் சட்டத்தோடு ஆணி மட்டும் அடித்து விடாமல் பட்டை இரும்பால் இறுக்குங்கள். இறவாரத்தின் கடைசி இரண்டு வரிசை ஓட்டையும் மேற்கு விளிம்பு ஓட்டையும் முகட்டு ஓட்டையும் சாந்து வைத்துப் பதியுங்கள். நடு ஓடுகளில் அங்கங்கே, ஓட்டின் குமிழில் இருக்கும் துளை வழியாகக் கம்பி கோத்து ரீப்பரோடு கட்டுங்கள். வேயும் ஆட்கள் இதைத் தேவையில்லாத வேலை என்பார்கள். நீங்கள் பக்கத்திலேயே நின்று செய்யச் சொல்லுங்கள்.

முகட்டுத் திறப்பு கோழிக்கொட்டகையிலிருந்து நேராக எடுத்தது. ஆசாரத்துக்கு மேல் இரண்டு அங்கணத்துக்கு மட்டும் முகட்டை ஓர் அடி தூக்கி, கிழக்கிலும் வடக்கிலும் திறந்து, மேற்கிலும் தெற்கிலும் அடைத்துவிடுங்கள். காற்று மேலே போகும்போது திறந்த பக்கத்திலிருந்து உள்ளே உள்ள வெக்கையை உறிஞ்சிக்கொண்டு போகும். காற்றே இல்லாத சித்திரையிலும் சூடு தானாக மேலேறி வெளியேறும். திறப்பில் நெருக்கமான கம்பிவலை கட்டாயம். இல்லையென்றால் அணிலும் வௌவாலும் முதல் வருஷமே குடிவந்துவிடும்.

மேற்கு ஓரத்து ஓர் அங்கணத்துக்கு மட்டும் தட்டைத் தளம் போடலாம். தண்ணீர்த் தொட்டியும் வெந்நீர் போடும் சூரியக் கருவியும் அதன்மேல் உட்காரும். ஓட்டுக் கூரைமேல் இவற்றை ஏற்றவே கூடாது. மின்சாரத்துக்கான சூரியத் தகடுகளைக் கட்டுத்தறியின் தகரக் கூரையில் வைப்பதுதான் சரி.

சுவரும் தரையும்

பழைய சாளைகளின் மண்சுவர் ஒன்றரை அடிக் கனம். வெளிவெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இன்று அப்படிச் சுவர் வைக்கும் கையும் பொறுமையும் அரிது. எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன.

ஒன்று, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளம் முழுக்கப் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே மூன்று அங்குல அளவுக்கு வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் ஒன்பது அங்குலக் கனம்தான், ஆனால் செங்கல் கால்பங்கு மிச்சமாகும்; நடுவில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். செங்கல் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் இது அமையும். சூளையில் கோணிப்போன நாட்டுச் செங்கல் இதற்கு ஆகாது, சேம்பர் செங்கல் வாங்குங்கள். பூசாமல் விடும் சுவர் என்றால் மின்குழாய்கள் எங்கே போகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்து வெற்றிடத்துக்குள் விட்டுவிட வேண்டும். பிறகு வெட்டினால் சுவரின் அழகும் பலமும் போச்சு.

இரண்டு, அழுத்திய மண்கல். ஆரோவில் மண் நிறுவனம் பல ஆண்டுகளாக இதற்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. உங்கள் தோட்டத்திலேயே கிணறு வெட்டிய செம்மண் குவிந்திருந்தால் இது பெரிய லாபம். மேல்மண்ணை எடுக்கக்கூடாது, அது பயிருக்கு. அதற்குக் கீழே உள்ள மண்ணில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற விகிதத்தை ஒட்டி இருந்தால், 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து எந்திரத்தில் அழுத்தலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் அடுக்கடுக்காகப் படியும், கண்ணாலேயே ஓரளவு தெரிந்துவிடும். நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வெயிலில் போட்டுக் காயவைத்தால் வீண். கரிசல் மண்ணில் இதை முயலவே வேண்டாம். கரிசல் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அந்த நிலத்தில் அஸ்திவாரத்துக்கே பொறியாளர் ஒருவரை அழைத்து, கீழே குமிழ்விட்ட துளைத்தூண் அடித்தளம் வேண்டுமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வழியானாலும் சுவர் தொடங்குமுன் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்றைக் கொத்தனாரை வைத்துக் கட்டுங்கள். அதற்கும் கூலி கொடுங்கள். அதைப் பார்த்த பிறகு பேச வேண்டியதெல்லாம் இரண்டு பேருக்கும் புரிந்துவிடும்.

தாழ்வாரத்துக்குக் கல்லுக்கால். பீர்க்கன், புடலைப் பந்தலுக்காக நட்டு இப்போது சும்மா கிடக்கும் கற்களைத் தோட்டக்காரர்கள் விற்கிறார்கள். கல் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் இடித்தால் முறியும். ஆகவே இரண்டடி மண்ணுக்குள் இறக்கிக் கான்கிரீட்டில் நிறுத்தி, தலையைச் சட்டத்தோடு கட்டாயம் பிணைக்க வேண்டும்.

தரைமட்டம் வெளிமண்ணிலிருந்து இரண்டடி உயரட்டும். பாம்பும் பூரானும் மழைச்சேறும் தாண்டி வராது. தாழ்வார விளிம்பு உட்காரும் உயரத்தில் தானாகவே திண்ணையாகிவிடும். உள்ளே சிவப்புக் காவித் தரை. அறை முழுவதையும் ஒரே பரப்பாக இழுத்தால் வெடிக்கும், நாலடிக் கட்டங்களாகப் பிரித்துப் போடுங்கள். தாழ்வாரத் தரை 8 அடிக்கு ஓர் அங்குலம் வெளியே சாயட்டும்.

ஜன்னல்களைத் தெற்கில் தாழ்வாக வையுங்கள், தரையிலிருந்து ஒன்றரை இரண்டடியில். பாயில் படுத்தாலும் காற்று மேலே பட வேண்டும். வடக்கில் சற்று உயர்த்தலாம். கொசுவலை காற்றைக் குறைக்கும், அதனால் ஜன்னலைப் பெரிதாக்குங்கள். கதவு மேல்பாதி கீழ்பாதி என்று தனித்தனியாகத் திறக்கட்டும். புழுதிக்காற்று நாளில் கீழே சாத்தி மேலே திறந்து வைக்கலாம். காற்றுக்காலம் முழுவதும் தாழ்வாரத்தின் மேற்கு முனையில் மாட்டிக் கழற்றும் மூங்கில் தட்டி ஒன்று இருக்கட்டும்.

களமும் மற்றவையும்

களம் வீட்டுக்குக் கிழக்கே, சமையலறைக் கதவைத் திறந்தால் இறங்கும் இடத்தில். தென்மேற்கில் வைத்தால் காய்ந்த கான்கிரீட்டின்மேல் தவழ்ந்து சூடான காற்றுதான் வீட்டுக்குள் வரும். வடக்கே ஒட்டி வைத்தால் அறுவடை மாதங்களில் வீட்டின் நிழல் விழும். கிழக்கில் இருந்தால் காலையிலிருந்து பிற்பகல்வரை மஞ்சளும் மக்காச்சோளமும் தேங்காய்ப் பருப்பும் காயும். நாலு மணிக்கு மேல் வீட்டின் நிழல் களத்தில் சாய்ந்ததும் கட்டிலைத் தூக்கிப் போட்டு உட்காரலாம். இரண்டாவது கட்டடம் களத்தின் வடக்கு ஓரத்தில் வரட்டும்; அறுவடை மாதங்களில் அதன் நிழல் களத்தில் விழாது.

கட்டுத்தறி வடகிழக்கில், குறைந்தது 40 அடி தள்ளி. காற்று அடிக்கும் மாதங்களில் ஈயும் வாடையும் வீட்டுப்பக்கம் வராது. தட்டுப்போரை மட்டும் மாட்டுக்கு அருகில் என்று கிழக்கே குவித்துவிடாதீர்கள். சமையலறைப் பொறி காற்றில் பறந்தால் நேராக அங்கேதான் போகும். போர் வடக்கே, 50 அடிக்கு அப்பால் இருக்கட்டும்.

வீட்டுக்கு மேற்கே 20 அடி விட்டுப் புங்கனும் வேம்பும் வையுங்கள். முருங்கை காற்றில் ஒடியும். தென்னை 25 அடிக்குள் வேண்டவே வேண்டாம், ஒரு நெற்று விழுந்தால் நாலு ஓடு காலி. வேலிக்குக் கம்பி போடுவதற்கு முன் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் இருப்பதுபோல் கிளுவைப் போத்து நட்டுப் பாருங்கள். மழைக்கு முன் ஊன்றினால் செலவில்லாமல் உயிர்வேலி ஆகிவிடும்.

கூரைத் தண்ணீரை மண்ணில் விடாதீர்கள். வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் 1,000 சதுர அடி ஓட்டுக்கூரையில் 60,000 லிட்டர் விழும். சிதறலும் ஆவியும் போக 45,000 லிட்டருக்குமேல் தொட்டிக்கோ கிணற்றுக்கோ சேரும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள ஒரு திருகு வைத்து, மீதியை மணல் வடிகட்டி வழியாக விடுங்கள்.

எப்போது எந்த வேலை

ஊராட்சி அனுமதியை மார்கழிக்குள் வாங்கிவிடுங்கள். தை பிறந்ததும் அஸ்திவாரம், மாசி பங்குனியில் சுவர். மண்கல் என்றால் அதற்கு முந்தைய கார்த்திகையிலேயே மண் சோதனை முடிந்து, தையில் கல் அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும்; அப்போது சுவர் வேலை பங்குனிக்குத் தள்ளிப்போகும். சித்திரையில் கூரை ஏறட்டும். வைகாசி பாதிக்குள் ஓடு வேய்ந்து, கட்டி, சாந்து வைத்து முடித்துவிட வேண்டும். அரைகுறைக் கூரை காற்றில் மாட்டினால் மொத்தமும் சேதம். காற்றுக்காலத்தில் உள்வேலை நடக்கலாம்: தரை, மின்சாரம், கதவு ஜன்னல். வெள்ளையடிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி மழையில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, கையில் ஒரு சுண்ணாம்புக் கட்டியோடு அட்டாலியில் ஏறி, எந்த ரீப்பரில் ஈரம் பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் கோடு போடுங்கள். ஓடு வேய்ந்தவருக்குக் கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வைத்து, கோடு போட்ட இடங்களைச் சரிசெய்தபின் கொடுங்கள்.